மேடே இல்லாத ஊரிலிருந்து மலைக்கு

வாசகர் கேள்விகள் — சைக்கிள் டீச்சர் பதில்கள்

பொதுப்பணித் துறையில் ஆற்று மதகுகளைக் கவனிக்கிற லஸ்கராக இருந்த என் அப்பாவின் சைக்கிளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். திருக்காட்டுப்பள்ளியில் காவிரியை விட்டுப் பிரிகிற குடமுருட்டியின் கரையில், மதகு மதகாக நின்று பார்த்துக்கொண்டே அவர் போவார். பின் கேரியரில் நான். அதைப் படித்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதங்கள் என் மேஜையில் கிடக்கின்றன. 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வந்த தாளைத் திருத்தாமல் கட்டி வைக்கிற பழக்கம் இல்லை. இடம் இருக்கிற மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கணினி வேலை. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். காலையில் 40, 50 கிலோமீட்டர் மிதிக்க ஆசை. தஞ்சாவூர் ரோட்டில் போனால் பஸ்ஸின் ஹாரனே ஆளைப் பள்ளத்தில் தள்ளிவிடும் போலிருக்கிறது. அமைதியான ரோடு நம் பக்கத்தில் இருக்கிறதா டீச்சர்?
— வாசகர், கும்பகோணம்

இருக்கிறது. ஆனால் போனில் வழி கேட்டால் அது கிடைக்காது. ஊரையும் ஊரையும் சேர்க்கிற ரோட்டைத்தான் போன் காட்டும், பஸ்ஸும் அதில்தான் ஓடும். நம்மிடம் இன்னொரு வகை ரோடு உண்டு: கரை ரோடு. வெள்ளம் வந்தால் ஆறு வயலுக்குள் பாயாமலிருக்கப் போட்ட மண் கரை. மதகு பார்க்கப் போகிற லஸ்கருக்காக அதன் மேல் ஒரு தடம். பிற்பாடு பல இடங்களில் அதன் மேல் தார். ஒரு பக்கம் முழுக்க ஆறு என்பதால் அங்கிருந்து குறுக்கே வண்டி வராது. இன்னொரு பக்கம் வயல் தாழக் கிடப்பதால் ஆளோ மாடோ கரையேறி வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். கரையில் புங்கனும் நாவலும் அரசும் நிற்கும், நிழலுக்குப் பஞ்சமில்லை. அதனால் வழி தேடும்போது எந்த ஊர் வழியாக என்று பார்க்காதீர்கள், எந்த ஆற்றை ஒட்டி என்று பாருங்கள். காவிரி, அரசலாறு, குடமுருட்டி, திருமலைராஜன், வெட்டாறு, வெண்ணாறு என்று நமக்கு ஆற்றுக்கா குறை!

உங்களுக்கு முதலில் நான் சொல்வது மேற்கே. சுவாமிமலை, உமையாள்புரம், கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம் வழியாகத் திருவையாறு. போக மட்டும் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதிலும் பஸ் உண்டு. ஆனால் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணி வரை ரோடு உங்களுடையது. கணபதி அக்ரஹாரத்தில் திரும்பிவிட்டாலே போக வர 40 தாண்டிவிடும். கால் பழகிய பிறகு வடக்கே கொள்ளிடக் கரைக்குப் போங்கள். அங்கே ஆள் நடமாட்டம் இன்னும் குறைவு. தார் இருக்கும், கொஞ்ச தூரத்தில் கப்பி ரோடாகும், பிறகு வெறும் மண்ணாகும். மெல்லிய டயர் போட்ட சைக்கிளில் அதற்குப் போகாதீர்கள். 35 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும், காற்றும் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. மதகு வருமிடத்தில் கரை ரோடு சட்டென்று குறுகும். சில மதகுகளுக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. அங்கே எதிரில் டிராக்டர் வந்தால் இறங்கி ஒதுங்கி நின்றுவிடுங்கள். இன்னொன்று, மண் அள்ளும் வேலை நடக்கிற கரையில் விடியற்காலையிலேயே டிப்பர் லாரி ஓடும். கரையேறும் முன் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

போக வேண்டிய நாளையும் சொல்லிவிடுகிறேன். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். திறந்து மூன்று நாலு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும், அங்கிருந்து கிளை ஆறுகளுக்குப் பிரிப்பார்கள். காய்ந்த மணலில் வருகிற புதுத் தண்ணீர் மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் வரும். எனக்கு எட்டு வயசிருக்கும்போது அப்பா என்னை அந்தத் தண்ணீருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முதலில் சத்தம்தான் கேட்டது, சருகைக் கூட்டிப் பெருக்குவது போல. பிறகு பழுப்பு நுரை, அதற்கு முன்னால் உருண்டு வரும் தேங்காய் மட்டை, அறுந்த செருப்பு, எறும்பு மொய்த்த சுள்ளி. மணலில் இருந்த நண்டு வளைகள் ஒவ்வொன்றாகக் குமிழி விட்டு மூடின. சைக்கிளில் ஏறித் தண்ணீரைத் தாண்டி முன்னால் போனோம், இறங்கினோம், அது வரும்வரை காத்திருந்தோம், மறுபடி தாண்டினோம். அந்த ஒரு காலை நேரத்துக்காகவே ஜூன் மாதம் சைக்கிளை எண்ணெய் போட்டு வைத்திருங்கள்.

கேள்வி: அறுப்பு முடிந்து ரோட்டில் நெல் காயப்போட்டால், சைக்கிள்காரர்கள் கூட்டமாக வந்து மேலேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கேட்டால் 'ரோடு உங்களுதா' என்கிறார்கள். உங்கள் பகுதியைப் படிக்கிறவர்களுக்கு நீங்களே சொல்லுங்கள்.
— விவசாயி, ஒரத்தநாடு பக்கம்

சொல்கிறேன் ஐயா. நீங்கள் கேட்பது முழு நியாயம்.

நகரத்திலிருந்து வருகிற தம்பி தங்கைகளுக்கு: கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தாண்டினால் காயவைத்துக் கொண்டுவா என்று திருப்பிவிடுவார்கள். எல்லார் வீட்டிலும் களம் கிடையாது. தை, மாசியில் பனி இறங்கும். மேகம் போட்டால் ஒரு வருஷத்து உழைப்பு முளைத்துப் போகும். அதனால்தான் தார் ரோட்டின் சூட்டை நம்பி நெல்லைக் கொட்டுகிறார்கள். அதன் மேல் டயர் ஏறினால் மணி உடையும், பக்கத்துக் கப்பியும் கலக்கும்.

உங்களுக்கும் அது ஆபத்துதான். நெல்மணி டயருக்குக் கீழே குண்டுமணி மாதிரி உருளும். அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே போட்டுவிடும். வைக்கோல் அதைவிட மோசம். பின்சக்கரப் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் ஒரு பிடி வைக்கோல் சுற்றிக்கொண்டால் கத்தி கொண்டுதான் அறுத்தெடுக்க வேண்டும். நெல்லைக் கண்டால் இறங்குங்கள், ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். கிளறிக்கொண்டிருப்பவரிடம் "எந்த ரகம்ணே?" என்று கேளுங்கள். நின்று பேசினால் தண்ணீரும் கொடுப்பார்கள்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் டீச்சர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் ஏற வேண்டும் என்பது என் கனவு. எங்கள் ஊரில் ஏறிப் பழக ஒரு மேடு கூடக் கிடையாது. எப்படித் தயாராவது?
— மாணவர், மன்னார்குடி

தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இதே ஆசை எனக்கு 49 வயசில் வந்தது. அதனால் உனக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேடு இல்லை என்பது உண்மை. கடல் மட்டத்திலிருந்து தஞ்சாவூர் 60 மீட்டருக்குள், கும்பகோணம் 25 மீட்டர் சுமார். இடையில் 40 கிலோமீட்டர். இந்த இறக்கம் தண்ணீருக்குத் தெரியும், நம் காலுக்குத் தெரியாது. ஆனால் ஏறுவதற்கு இன்னொன்று இருக்கிறது. காற்று.

கணக்காகவே பார்ப்போம். நூறு மீட்டர் போனால் 5 மீட்டர் உயர்கிற மலை ரோடு என்று வை. நீயும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ. 75இல் நூற்றுக்கு 5 என்றால் மூன்றே முக்கால் கிலோ. அதாவது அந்த எடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டே போவதற்குச் சமம். இப்போது சமவெளி. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாய். எதிர்காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் உன் நெஞ்சில் மோதுவது 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 20 வர்க்கம் 400, 35 வர்க்கம் 1225. மூன்று மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பவருக்குக் கூடுதலாக ஏறக்குறைய இரண்டு கிலோ இழுவை. நூற்றுக்கு இரண்டரை மீட்டர் உயர்கிற மேட்டில் ஏறுவது போலத்தான் அது. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்றவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஆனி, ஆடி இரண்டு மாதமும் நமக்கு மேலைக்காற்று. மன்னார்குடியிலிருந்து வடுவூர் மேற்கே 15 கிலோமீட்டருக்குள். ஞாயிற்றுக்கிழமை, ரோடு காலியாக இருக்கும்போது அந்தக் காற்றை எதிர்த்துப் போ. வடுவூர் ஏரியை ஒட்டி மறைப்பே இல்லாத இடத்தில் காற்று முகத்தில் அறையும். அங்கே எழுந்து நின்று மிதிக்காதே, உட்கார்ந்தே மிதி. வேகத்தைப் பார்க்காதே, மூச்சைப் பார். பக்கத்தில் யாராவது இருந்தால் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சு. அந்த மூச்சிலேயே 45 நிமிஷம் நிறுத்தாமல் போக முடிந்தால் நீ மலைக்குப் பாதி தயார். திரும்பும்போது காற்றே உன்னை வீட்டில் கொண்டுவந்து விடும். கூடவே, வாரத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு ரயில்வே மேம்பாலத்தில் பத்துத் தடவை ஏறி இறங்கு. பார்க்கிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

அடுத்தது பல் கணக்கு. அப்பாவின் சைக்கிளில் எண்ணியிருக்கிறேன்: முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்குப் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று, அதாவது ஐந்து மீட்டருக்கு மேல். சமவெளிக்கு அற்புதம், மலையில் முழங்கால் தேய்ந்துவிடும். மலைக்குப் போகிற சைக்கிளில் முன்னால் உள்ள சின்னப் பல் சக்கரமும் பின்னால் உள்ள பெரிய பல் சக்கரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 28க்கு 28, அல்லது 34க்கு 32. அப்போது ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான் நகரும். நிமிஷத்துக்கு அறுபது மிதி என்றால் மணிக்கு 8 கிலோமீட்டர்கூட வராது. மலையில் அது மரியாதையான வேகம்.

நான் முதலில் ஏறியது பச்சைமலை. துறையூர் வரை வேனில் சைக்கிளைக் கொண்டுபோய், உப்பிலியபுரம் தாண்டி சோபனபுரம் அடிவாரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு. தை மாதம், கூட எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர். சோதனைச் சாவடியைத் தாண்டியதும் நம்மூர் ரோட்டில் போகிற மாதிரியே அழுத்தினேன். மூன்றாவது வளைவில் காதுக்குள் நெஞ்சு அடிப்பது கேட்டது. கண் ஓரம் இருட்டியது. இறங்கிப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். தலையில் மரவள்ளிக் கிழங்குச் சுமையோடு ஒரு மலைக்காரப் பாட்டி எங்களைத் தாண்டி நடந்து போனார். திரும்பிப் பார்க்காமலே, "மெதுவா வா தாயி, மலை எங்க போயிடப் போவுது" என்றார். அவர் கால் பெயர்த்து வைத்ததைப் பார்த்தேன். முழுப் பாதமும் தரையில் பதிந்த பிறகுதான் அடுத்த கால். அதே தாளத்தில் மிதித்தேன். வளைவில் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கம் சாய்வு கம்மி. எதிரே வண்டி இல்லை என்பது தெரிந்தால் மட்டும் கொஞ்சம் அகலமாகச் சுற்றி ஏறினேன். வழியில் நாலு தடவை நின்றோம். மேலே போய்ச் சேர்ந்தபோது பலா மரத்துக்குக் கீழே குளிரில் பல் கிட்டியது. அழுகை வந்தது. ஏனென்று இன்றுவரை விளக்க முடியவில்லை.

ஏறுவதற்குக் காற்றே வாத்தியார். இறங்குவதற்கு நம்மூரில் வாத்தியாரே கிடையாது. மலையில் நீ பயப்பட வேண்டியது அங்கேதான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு கடையில் புது பிரேக் கட்டை போட்டிருந்தேன். முன்சக்கரத்தின் இடது கட்டையை இருக்க வேண்டியதைவிட ஒரு நூல் அளவு உயர்த்தி மாட்டிவிட்டார்கள். நானும் குனிந்து பார்க்கவில்லை. சமவெளியில் அது ஒன்றும் செய்யவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது பிடித்த பிடியில், கட்டையின் மேல் ஓரம் ரிம்மை விட்டு டயரின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. ரப்பர் கருகும் வாடை வந்தது. பிரேக் சூடு என்று நினைத்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ வளைவுக்கு முன்னால் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நல்லவேளை, வேகம் குறைந்திருந்தது. மலைப்பக்கத்து மண்ணில் சாய்ந்து விழுந்தேன், முழங்கை மட்டும் தேய்ந்தது. எழுந்து பார்த்தால் டயரின் பக்கவாட்டில் நாலு விரல் நீளத்துக்கு நூல்கள் பிரிந்து, உள்ளே டியூப் நாக்கு மாதிரித் தொங்கியது. வளைவின் அந்தப் பக்கமாக விழுந்திருந்தால் உனக்குப் பதில் எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதனால் தம்பி, புறப்படும் நாள் காலையில் நீயே உட்கார்ந்து பார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை மெதுவாகப் பிடி. கட்டை முழுக்க ரிம்மின் மேல் உட்காருகிறதா, டயரைத் தொடுகிறதா என்று நாலு கட்டையையும் பார். ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுத்துவிடு. இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதே, ரிம் கொதித்துப் போகும். வளைவுக்கு முன் நேர் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறை, வளைவுக்குள் விட்டுவிடு. உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி உட்கார். வளைவில் உள்பக்கப் பெடல் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் தரையில் தட்டும். கண், போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிளும் அங்கேதான் போகும். கை மரத்தால் நிறுத்தி உதறிக்கொள். ரிம்மைத் தொட்டுப் பார்க்காதே, சுட்டுவிடும்.

நேராகக் கொல்லிமலைக்குப் போகாதே. முதலில் பச்சைமலை. பிறகு திண்டுக்கல் பக்கம் சிறுமலை, 18 கொண்டை ஊசி. இந்த இரண்டையும் முடித்தவன் கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியில் போய் நிற்கலாம். அங்கே ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் கூட்டம் அதிகம். வார நாளில், பொழுது விடிந்ததும் ஏறு. வளைவுகளில் குரங்கு உட்கார்ந்திருக்கும். தின்பண்டத்தை வெளியில் தொங்கவிடாதே. ஏறி முடித்ததும் எனக்கு எழுது.

கேள்வி: வயது 43. சின்ன வயசில் சைக்கிள் விட வீட்டில் விடவில்லை. இப்போது கற்றுக்கொள்ள முடியுமா அக்கா? தெருவில் விழுந்தால் சிரிப்பார்களே என்று தயக்கம். தனியாகக் கரை ரோட்டில் போகலாமா என்பதும் பயம்.
— வாசகி, திருத்துறைப்பூண்டி

முடியும். ஒரு வாரம் போதும். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி வரவே வேண்டாம். சைக்கிள் கடையில் இரண்டு பெடலையும் கழற்றச் சொல்லுங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகத் திரும்பும், அது அவர்களுக்குத் தெரியும். சீட்டை, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் பதிகிற அளவுக்கு இறக்குங்கள். ஆற்றங்கரையிலிருந்து படுகைக்கு இறங்குகிற ஒரு சின்னச் சரிவு போதும். காலால் தள்ளித் தள்ளி இறங்குங்கள், இரண்டு காலையும் தூக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் மூன்று நொடி நிற்கும். நாலாம் நாள் சரிவு முடியும் வரை நிற்கும். சமநிலை வந்த பிறகு பெடலை மாட்டினால் மிதிப்பது ஒரு மணி நேர வேலை. சுடிதார் என்றால் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். சேலை என்றால் செயின் மூடியும் பின்சக்கரத்துக்கு வலையும் உள்ள சைக்கிள்தான் வேண்டும். என் மாணவி ஒருத்தியின் தாவணி முனை ஸ்போக்ஸில் சிக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

தனியாகப் போவது பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். அமைதியான ரோடு வேறு, ஆள் அரவமே இல்லாத ரோடு வேறு. நமக்கு வேண்டியது முதலாவது. நடவுக்கும் களையெடுக்கவும் பெண்கள் கூட்டமாக இறங்குகிற வயல்களுக்கு நடுவே போகிற ரோடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிற ரோடு, பால் சொசைட்டி இருக்கிற ரோடு. காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை அங்கெல்லாம் கண் இருக்கும். முதல் பத்து நாள் ஒரே வழியில், ஒரே நேரத்தில் போய் வாருங்கள். பத்தாம் நாள் அந்த வழியில் இருக்கிறவர்களுக்கு உங்களைத் தெரிந்துவிடும். பதினோராம் நாள் வராவிட்டால் "நேத்து காணோமே?" என்று கேட்பார்கள். சிரிப்பவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்காக நாற்பது வருஷம் இழந்தது போதும்.

கேள்வி: மாதத்துக்கு மூன்று பஞ்சர். எல்லாம் கருவேல முள். வழி சொல்லுங்கள்.
— வாசகர், பட்டுக்கோட்டை

முள் ஒன்றாக இருக்காது, அதுதான் விஷயம். பஞ்சர் ஒட்டியவுடன் டியூபை மாட்டிவிடாதீர்கள். டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பழைய துணியைச் சுற்றித் தடவுங்கள். துணி மாட்டிக்கொள்கிற இடத்தில் இரண்டாவது முனை இருக்கும். வெளிப்பக்கம் ஒடிந்துபோன முள்ளை உள்ளிருந்துதான் குறட்டால் இழுக்க வேண்டும். காற்றையும் வாரம் ஒரு முறை பாருங்கள். வேலி வெட்டிப் போட்ட நாளில் அந்த ரோட்டை விட்டு வேறு வழியில் போங்கள்.

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள். 1930இல் ராஜாஜி உப்பு எடுக்க நடந்த வழியில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை சைக்கிளில் போகத் திட்டம். இரண்டு நாளில் முடியுமா? எந்த மாதம் நல்லது?
— வாசகர்கள், திருச்சி

இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் ஏப்ரல் 13இல் புறப்பட்டு 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள், ஏறக்குறைய 150 மைல். ஏப்ரல் 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்து ராஜாஜி கைதானார். அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் வைத்தது என்று யாரைப் பிடிப்பது! கரை ரோட்டில் தாழ்ந்த கிளைக்குக் கீழே போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இரண்டு நாளில் முடியும். ஆனால் மூன்று நாளாக்குங்கள், இல்லாவிட்டால் மிதித்தது மட்டும்தான் மிஞ்சும். முதல் நாள் கல்லணை, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம்; 85, 90 கிலோமீட்டர். பெரும்பாலும் காவிரி கூடவே வரும். இரண்டாம் நாள் வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி. பாதி நாளில் முடிந்துவிடும். சாயங்காலம் ராஜகோபால சுவாமி கோயிலுக்கும் அரித்திராநதிக் குளத்துக்கும் போங்கள். மூன்றாம் நாள் திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். அன்றைக்கு மட்டும் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே மரம் குறைந்துவிடும், பத்து பதினொரு மணிக்கு மேல் கடல் காற்று எதிரே எழும்பும். அதற்குள் சேர்ந்துவிட்டால் சுகம், தாண்டினால் கடைசி 15 கிலோமீட்டர் ஒரு மலைதான்.

ஏப்ரல் வேண்டாம். அவர்கள் வெயிலில் நடந்ததற்கு ஒரு காரணம் இருந்தது, உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தை கடைசி, மாசி முதல் வாரம் சரி. மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுப்பு நடக்கும் (மேலே ஒரத்தநாட்டு ஐயாவுக்கு எழுதியதை மறக்காதீர்கள்), கோடியக்கரையில் வெளிநாட்டுப் பறவைகளும் இருக்கும்.

அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணோடு திரும்பிவிடாதீர்கள். உப்பளத்தின் ஓரமாகக் கோடியக்கரை ரோடு போகிறது. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், இடையில் கூம்பு கூம்பாக உப்பு. வெயில் ஏறினால் கண்ணைத் திறக்க முடியாது, கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள். காட்டுக்குள் போகும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிமானும் மட்டக்குதிரையும் திரியும் இடம் அது, மணி அடிக்காமல் போங்கள். அங்கே மணல் மேட்டில் ராமர் பாதம் என்று ஒரு மண்டபம். கோடியக்கரையிலேயே உயரமான இடம் அதுதான், நாலு மீட்டர்! மூன்று நாள் சமதரையில் மிதித்துவிட்டு அதன் படியேறி நின்று பாருங்கள், சுற்றிலும் காடும் அதற்கப்பால் சதுப்பு நிலமும் விரிந்து கிடக்கும்.

உப்பளத்திலிருந்து வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு அன்றே எண்ணெய் போட்டுவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டால் துரு பிடித்துவிடும். தேதி முடிவானதும் எழுதுங்கள். நான் கல்லணையில் நிற்கிறேன், திருவையாறு வரை கூட வருகிறேன்.